முதலில் ஓஷவா, அப்புறம் லீஃப்ஸ்: டொராண்டோ பக்கம் புதிதாக வந்தவர்கள் ஐஸ் ஹாக்கி பார்க்க ஒரு வழிகாட்டி

கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம். பள்ளிவிட்டு வந்த மகன் பையைக் கழற்றாமலே கேட்டான்: "அப்பா, நாம லீஃப்ஸா, ஹாப்ஸா?" எனக்கு இரண்டும் தெரியாது. ஒன்று டொராண்டோவின் ஹாக்கி அணி, இன்னொன்று மாண்ட்ரியலுடையது, இங்கே ஒரு பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட ஊர்ப்பெயர் மாதிரி என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது. அவனை ஏமாற்றக் கூடாது என்று அடுத்த சனிக்கிழமைக்கே மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்தேன். பார்க்கிங், சாப்பாடு எல்லாம் சேர்த்து 650 டாலர். கடைசி வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால் இடம். பக் என்ற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே போகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. விசில் ஏன் ஊதுகிறார்கள் என்றும் தெரியவில்லை. ஆட்டம் மூன்று பீரியடு, இரண்டாவதிலேயே மகன் அம்மா தோளில் தூங்கிவிட்டான்.

எதிர்வீட்டு அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்கார்பரோவில் முப்பது வருடமாக இருப்பவர். கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, உந்தக் காசுக்கு ஏழு தரம் ஓஷவாவுக்குப் போய் வந்திருக்கலாம். முதல் ஜூனியரைப் பாருங்கோ, பிறகு லீஃப்ஸ்." ஓஷவா டொராண்டோவுக்குக் கிழக்கே உள்ள ஊர், அங்கே ஆடுவது ஜெனரல்ஸ் என்ற ஜூனியர், அதாவது இளையோர் அணி. அவர் சொன்னபடிதான் அப்புறம் செய்தோம். இப்போது எங்கள் வீட்டில் ஹாக்கி இல்லாத வெள்ளிக்கிழமை வெறிச்சென்று இருக்கிறது. நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, நீங்கள் அதே காசைச் செலவழிக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. எந்த லீக் எதற்குக் கீழே என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள்

இது தெரியாமல் டிக்கெட் தளத்தைத் திறந்தால் பெயர்களே குழப்பிவிடும்.

உச்சியில் என்.ஹெச்.எல். மொத்தம் 32 அணிகள், அதில் 7 கனடாவில்: டொராண்டோ, மாண்ட்ரியல், ஒட்டாவா, வின்னிபெக், கால்கரி, எட்மன்டன், வான்கூவர். ஸ்டான்லி கோப்பை இவர்களுக்கானது. லீஃப்ஸ் அதைக் கடைசியாக வென்றது 1967ல். இந்த ஆண்டு எண்ணை மட்டும் மறக்காதீர்கள், வேலை செய்யும் இடத்தில் வாரம் ஒருமுறையாவது காதில் விழும்.

அடுத்தது ஏ.ஹெச்.எல். இங்கே ஒவ்வொரு அணியும் ஒரு என்.ஹெச்.எல். அணியோடு கட்டப்பட்டது. லீஃப்ஸுக்கு டொராண்டோ மார்லீஸ், ஒட்டாவாவுக்கு பெல்வில் செனட்டர்ஸ், மாண்ட்ரியலுக்கு லவால் ராக்கெட். இவர்களும் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்கள்தான். லீஃப்ஸில் ஒருவருக்குக் காலில் அடி என்றால் மார்லீஸிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு அரங்கங்களும் ஒரே நகரத்தில் இருப்பதால் பெட்டி கட்டாமலே மேலே ஏறிவிடுகிறார்கள்.

ஜூனியர் என்பது தனிக் கிளை. சி.ஹெச்.எல். என்ற குடையின் கீழ் மூன்று லீக்குகள்: ஒன்டாரியோவுக்கு ஓ.ஹெச்.எல்., மேற்கு மாகாணங்களுக்கு டபிள்யூ.ஹெச்.எல்., கியூபெக்குக்கும் கிழக்குக் கடற்கரை மாகாணங்களுக்கும் கியூ.எம்.ஜே.ஹெச்.எல். ஆடுபவர்கள் 16 முதல் 20 வயதுப் பையன்கள். ஓ.ஹெச்.எல்.லில் 20 அணிகள், அதில் ஈரி, ஃபிளின்ட், சாகினா மூன்றும் அமெரிக்காவில் இருக்கின்றன. மூன்று லீக்குகளின் சாம்பியன்களும் போட்டியை நடத்தும் ஊரின் அணியும் மோதுவது மெமோரியல் கோப்பை. 2025ல் அதை லண்டன் நைட்ஸ் வென்றது. இந்த லண்டன் ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன்.

அதற்கும் கீழே ஜூனியர் ஏ. நம் பக்கத்தில் ஓ.ஜே.ஹெச்.எல். பிக்கரிங் பாந்தர்ஸ், மார்க்கம் ராயல்ஸ், நார்த் யார்க் ரேஞ்சர்ஸ் என்று பழகிய பேட்டைப் பெயர்களாகவே இருக்கும்.

பெண்களுக்கான தொழில்முறை லீக் பி.டபிள்யூ.ஹெச்.எல். அதன் முதல் ஆட்டமே 2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவில்தான் நடந்தது. டொராண்டோ அணியின் பெயர் செப்டர்ஸ். முதல் சீசனின் மிகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான நேட்டலி ஸ்பூனர் ஸ்கார்பரோவில் பிறந்தவர். பெண் குழந்தை இருக்கும் வீடு என்றால் இதை ஒருமுறையாவது பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் தவறுகிற இடம் இது: மார்லீஸ் லீஃப்ஸுடையது, ஆனால் ஓஷவா ஜெனரல்ஸ் எந்த என்.ஹெச்.எல். அணிக்கும் சொந்தமில்லை. அந்த அணியில் ஆடும் பையன்களில் ஒருவனை டிராஃப்ட் என்ற வருடாந்தரத் தேர்வில் மாண்ட்ரியல் எடுத்து வைத்திருக்கும், இன்னொருவனை டல்லஸ் எடுத்திருக்கும், மூன்றாமவனை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே சட்டை போட்டு ஆடுவார்கள்.

2. எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும்

கீழே இருப்பவை நாங்கள் கட்டிய விலைகள், வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து, ஒரு ஆளுக்கு. எதிரணியையும் கிழமையையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

ஓ.ஜே.ஹெச்.எல்.: 10 முதல் 20 டாலர். வாசலிலேயே வாங்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து பயிற்சியாளர் கத்துவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

ஓ.ஹெச்.எல்.: 25 முதல் 35 டாலர். கிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓஷவா ஜெனரல்ஸ், மேற்கே பிராம்ப்டன் ஸ்டீல்ஹெட்ஸ். ஸ்டீல்ஹெட்ஸ் 2024ல்தான் மிசிசாகாவிலிருந்து பிராம்ப்டனுக்கு மாறியது, பழைய இணையப் பக்கத்தை நம்பி மிசிசாகாவுக்குப் போய் நிற்காதீர்கள். வடக்கே பாரி கோல்ட்ஸ், கொஞ்சம் தள்ளி பீட்டர்பரோ பீட்ஸ்.

மார்லீஸ்: 25 முதல் 60. செப்டர்ஸ்: 35 முதல் 80. இரண்டுக்கும் எக்ஸிபிஷன் பிளேஸில் உள்ள கோகோ கோலா கொலிசியம்தான் வீடு.

லீஃப்ஸ்: மேல்தளத்திலேயே சாதாரண நாளில் நூறைத் தாண்டும். சனிக்கிழமை, எதிரணி மாண்ட்ரியல் என்றால் இருநூறு, அதற்கும் மேல்.

என் கருத்து: முதல் ஆட்டம் ஓ.ஹெச்.எல்.லாக இருக்கட்டும். ஓ.ஜே.ஹெச்.எல். மலிவுதான், ஆனால் கூட்டம் குறைவு, முதல்முறை போகிற குழந்தைக்கு அந்த ஆரவாரம் கிடைக்காது. ஓஷவாவில் ஐயாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். எங்கே உட்கார்ந்தாலும் பக் தெரியும். பாபி ஓர் என்ற ஹாக்கி ஜாம்பவான் ஆடிய அணி அது. நட்சத்திர வீரர் ஜான் டவாரஸ் 14 வயதில் விசேஷ அனுமதி பெற்று 2005ல் சேர்ந்ததும் அங்கேதான். 2024, 2025 இரண்டு ஆண்டும் லீக் இறுதிவரை போய் இரண்டு முறையும் லண்டனிடம் தோற்றார்கள். லண்டன் வருகிற அன்று ஓஷவா அரங்கத்தில் இருப்பவர்களுக்கு இது நேற்று நடந்த மாதிரி.

3. நாள் பார்த்து எடுங்கள்

காசை மிச்சம் பிடிப்பதும் நல்ல ஆட்டம் பார்ப்பதும் இந்த ஒரு விஷயத்தில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது.

என்.ஹெச்.எல். சீசன் அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடியும். ஓர் அணிக்கு இதுவரை 82 ஆட்டங்கள், 2026-27 சீசனிலிருந்து 84. அதற்குப் பின் 16 அணிகள் கோப்பைக்காக மோதும் ப்ளேஆஃப், ஜூன் வரை. ஏ.ஹெச்.எல். 72 ஆட்டங்கள், அதே மாதங்கள். ஓ.ஹெச்.எல். 68 ஆட்டங்கள், செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை.

செப்டம்பரில் லீஃப்ஸ் ஆடும் முன்சீசன் ஆட்டங்கள் மலிவு. பெரிய நட்சத்திரங்கள் எல்லா நாளும் இறங்க மாட்டார்கள், ஆனால் லீஃப்ஸின் அரங்கமான ஸ்கோஷியாபேங்க் அரீனாவை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் இது போதும். வழக்கமான சீசனில் செவ்வாய், புதன் இரவுகளில், தொலைவிலிருந்து வரும் பெயர் பெறாத எதிரணியோடு நடப்பதைத் தேடுங்கள்.

ஜூனியரில் நான் ஏமாந்த இடம் டிசம்பர். பள்ளி விடுமுறை, சரியான நேரம் என்று கிறிஸ்துமஸ் முடிந்ததும் டிக்கெட் எடுத்தேன். மகன் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த வீரன் அன்று ஐஸில் இல்லை. உலக ஜூனியர் போட்டி வழக்கமாக டிசம்பர் 26 அன்று தொடங்கி ஜனவரி முதல் வாரம்வரை நடக்கும். இருபது வயதுக்குட்பட்ட தேசிய அணிகளின் போட்டி. மிகச் சிறந்த பையன்கள் எல்லாம் அதற்கு முந்தின பயிற்சி முகாமுக்கே போய்விடுவார்கள். ஆகவே ஒரு குறிப்பிட்ட வீரனைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை எடுக்காதீர்கள். அதேபோல் செப்டம்பர் கடைசியில் சிலர் இன்னும் என்.ஹெச்.எல். முகாம்களிலேயே இருப்பார்கள். அக்டோபர் நடுவில் அணி நிரம்பிவிடும். ஜனவரி தொடக்கத்தில் வீரர்களை அணி மாற்றிக்கொள்ளும் கெடு முடியும். அதற்கு முன்பே பிடித்த பையனின் பெயர் போட்ட சட்டையை வாங்கிவிடாதீர்கள்.

டிசம்பரில் ஒரு நல்ல நாளும் உண்டு. டெடி பேர் டாஸ். உள்ளூர் அணி முதல் கோல் அடித்ததும் அரங்கமே பொம்மைகளை ஐஸ் மேல் வீசும். பொறுக்கி எடுத்து மருத்துவமனைகளுக்கும் ஏழைக் குழந்தைகளுக்கும் அனுப்புவார்கள். அமெரிக்காவில் ஹெர்ஷி பேர்ஸ் என்ற ஏ.ஹெச்.எல். அணியின் ரசிகர்கள் 2025 ஜனவரியில் ஒரே இரவில் ஒரு லட்சத்துக்கும் மேலான பொம்மைகளை வீசினார்கள். போனால் புதுப் பொம்மையாகக் கொண்டுபோங்கள். ஐஸ் ஈரத்தில் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள்.

4. டிக்கெட் வாங்குவது

அ. முதலில் அணியின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். அங்கிருந்து அது எந்த விற்பனைத் தளத்துக்கு அழைத்துப் போகிறதோ அதில் கணக்குத் தொடங்குங்கள். லீஃப்ஸ், மார்லீஸ் இரண்டுக்கும் டிக்கெட்மாஸ்டர். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் விளம்பரத் தளங்கள் பல மறுவிற்பனைக்காரர்கள். அணியின் தளம் மாதிரியே இருக்கும், விலை மட்டும் வேறு.

ஆ. ஒரே தளத்திலேயே அசல் டிக்கெட்டும் மறுவிற்பனை டிக்கெட்டும் கலந்து காட்டப்படும். வடிகட்டும் பொத்தானில் மறுவிற்பனையை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். மறுவிற்பனை எப்போதும் கெட்டது என்று சொல்லவில்லை. ஆட்டம் தொடங்க இரண்டு, மூன்று மணி நேரம் இருக்கும்போது சீசன் டிக்கெட்காரர்கள் விலையை இறக்குவார்கள். ஆனால் நான்கு பேர் சேர்ந்து உட்கார வேண்டும், குழந்தை இருக்கிறது என்றால் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

இ. கடைசிப் பக்கம்வரை போய் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற தளத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்டாரியோவில் ஹெச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி 13 சதவீதம். மறுவிற்பனைத் தளம் அமெரிக்க டாலரில் காட்டுகிறதா, கனடிய டாலரிலா என்பதையும் பாருங்கள்.

ஈ. பெரிய அரங்கங்களில் காகித டிக்கெட் கிடையாது. போனில் உள்ள பார்கோடு சில வினாடிக்கு ஒருமுறை தானாக மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. எனக்கு இது வாசலில்தான் தெரிந்தது. சமூக வலைத்தளத்தில் ஒருவரிடம் 90 டாலருக்கு வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளும் ஸ்கிரீன்ஷாட்டாக வந்திருந்தன. வாசலில் இருந்த பெண் மூன்று முறை ஸ்கேன் செய்து பார்த்தார், மூன்று முறையும் சிவப்பு விளக்கு. "இதை உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் செய்யச் சொல்லுங்கள்" என்று மென்மையாகவே சொன்னார். விற்றவர் அதற்குள் என்னைத் தடை செய்திருந்தார். மகன் கையில் நீல நிறக் கொடியோடு நின்றுகொண்டிருந்தான். டிக்கெட் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாறி வந்த பிறகே காசு அனுப்புங்கள். அறிமுகமில்லாதவருக்கு மின்னஞ்சல் பணமாற்றம் செய்தால் திரும்ப வராது.

உ. கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே டிக்கெட்டை போனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். வாசலில் பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போனைத் திறக்கும்போது சிக்னல் இழுக்கும்.

ஊ. எத்தனை வயதுவரை குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்பது அரங்கத்துக்கு அரங்கம் மாறும். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களாக முடிவுசெய்யாதீர்கள்.

5. எந்த இருக்கை

கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசை படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் எதிர்முனையில் நடப்பது தெரியாது. முதல்முறை போகிறவர்கள் பத்தாவது வரிசைக்கு மேல், மூலைப் பக்கம் எடுங்கள். மொத்த ஐஸும் ஒரே பார்வையில் விழும், விலையும் நடுப்பகுதியைவிடக் குறைவு.

இன்னொன்று. மூன்று பீரியடுகளில் முதலாவதிலும் மூன்றாவதிலும் உள்ளூர் அணி ஒரே முனையை நோக்கித்தான் தாக்கும். வழக்கமாக அது அவர்கள் பெஞ்சுக்குத் தள்ளியிருக்கும் முனை. வரைபடத்தில் அந்தப் பக்கத்து மூலையைப் பிடித்தால் உங்கள் அணியின் கோல்களை இரண்டு பீரியடு பக்கத்தில் பார்க்கலாம்.

கோலுக்குப் பின்னால் வலை கட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் வலை கிடையாது, பக் கண்ணாடியைத் தாண்டிப் பறந்து வரும். சின்னப் பிள்ளைகளோடு பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஆட்டம் நடக்கும்போது போனைப் பார்க்காதீர்கள்.

6. போகும் வழி, பை, உடை

ஸ்கோஷியாபேங்க் அரீனா யூனியன் ஸ்டேஷனோடு ஒட்டியது. ஸ்கார்பரோவிலிருந்து கில்ட்வுட், எக்லின்டன், ரூஜ் ஹில் எந்த கோ (புறநகர் ரயில்) நிலையத்திலும் ஏறலாம். 12 வயது வரை கோ ரயிலில் இலவசம். சனி, ஞாயிறு என்றால் ஒரு நாள் முழுக்கப் போய்வரும் வார இறுதி பாஸ் 10 டாலர், அதை இணையத்தில்தான் வாங்க வேண்டும். டிடிசி என்ற நகரப் பஸ்ஸில் ஏறி கோ ரயிலுக்கு மாறுவதானால் பிரெஸ்டோ என்ற ஒரே கட்டண அட்டையை இரண்டிலும் தட்டுங்கள், 2024 பிப்ரவரியிலிருந்து இரண்டாவது கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறார்கள். ஒன்றில் அட்டை, மற்றதில் போன் என்று மாற்றித் தட்டினால் கழிக்காது. மார்லீஸுக்கும் செப்டர்ஸுக்கும் எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்.

ஓஷவாவில் மட்டும் கவனம். கோ நிலையம் ஒரு பக்கம், அரங்கம் ஊர் நடுவில். குளிரில் குழந்தையோடு நடக்கும் தூரமில்லை, டர்ஹம் பஸ் பிடிக்க வேண்டும். கார் இருந்தால் காரிலேயே போங்கள், பார்க்கிங் டொராண்டோவை ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

பெரிய பை எடுத்துப்போகாதீர்கள். டொராண்டோ அரங்கங்களில் சிறிய கைப்பைக்கு மேல் அனுமதிப்பது கடினம். குழந்தை டயபர், மருந்து என்றால் விதிவிலக்கு உண்டு, சோதனை வரிசை தனி. வீட்டுச் சாப்பாடு உள்ளே போகாது. நாங்கள் புளிசாதத்தைக் காரிலேயே முடித்துவிட்டுத்தான் இறங்குவோம். பணத்தாள் வாங்காத கடைகள் பல, அதனால் அட்டை வேண்டும். பீர் வாங்குவதானால் 19 வயதுக்கு மேல் என்று காட்டப் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள்.

லீஃப்ஸ் அரங்கத்தில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். ஓ.ஜே.ஹெச்.எல். நடக்கும் பேட்டை ரிங்க்கில் குளிர் கால்வழியே ஏறும். தடித்த சாக்ஸ், தொப்பி, உட்கார ஒரு போர்வை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காதை மூடும் ஹெட்போன் அவசியம். கோல் அடித்ததும் அலறும் சங்கு பெரியவர்களையே உலுக்கும்.

7. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்

கதவு திறந்ததும் உள்ளே போய்க் கண்ணாடி ஓரமாக நில்லுங்கள். ஆட்டத்துக்கு முந்தின வார்ம்அப் பயிற்சியை, உங்கள் டிக்கெட் எந்த மூலையில் இருந்தாலும், ஜூனியர் அரங்கங்களில் பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்க்க விடுவார்கள். ஓஷவாவில் எங்கள் இரண்டாவது ஆட்டம். மகன் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றிருந்தான். பதினேழு வயது இருக்கும், முகத்தில் பரு மாறாத ஒரு பையன் சறுக்கிக்கொண்டே வந்தான். பக்கை மட்டையின் நுனியில் ஏந்தி, ஒரு சுண்டு சுண்டி, கண்ணாடிக்கு மேலாக இவன் பக்கம் போட்டான். மகன் அதை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினான். கறுப்பு ரப்பர், மூன்று அங்குல வட்டம், 170 கிராம் வரை கனம். குளிர்ப்பெட்டியில் உறையவைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுப்பார்களாம். கன்னத்தில் வைத்தால் சுரீர் என்றது. அன்று முழுக்க அவன் அதைக் கீழே வைக்கவில்லை, தூங்கவும் இல்லை.

தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும். ஆட்டம் ஓடும்போது இருக்கைக்கு வர, போக முடியாது, விசில் ஊதும்வரை படிக்கட்டின் மேலே நிறுத்திவைப்பார்கள். இடைவேளையில் நடக்கும் 50/50 குலுக்கலில் பாதி வென்றவருக்கு, பாதி அறக்கட்டளைக்கு. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் வாங்க முடியும்.

விதிகளில் மூன்று தெரிந்தால் போதும். ஆஃப்சைட்: நீலக் கோட்டைப் பக் தாண்டும் முன் தாக்கும் அணி ஆள் தாண்டக் கூடாது. ஐசிங்: நடுச் சிவப்புக் கோட்டுக்குப் பின்னாலிருந்து அடித்த பக் யார் மேலும் படாமல் எதிராளியின் கோல் கோட்டையும் தாண்டிப் போனால் ஆட்டம் நிற்கும். தண்டனை: தவறு செய்தவர் இரண்டு நிமிடம் பெட்டியில் உட்கார, அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்கு அது பவர்ப்ளே. முதல் பீரியடில் பக்கைத் துரத்தாமல் ஆட்களைப் பாருங்கள், கண் தானாகப் பழகும். ஒருவரே மூன்று கோல் அடித்தால் ரசிகர்கள் தொப்பியை ஐஸில் எறிவார்கள். விலையுயர்ந்த தொப்பி போட்டுப் போகாதீர்கள், திரும்பக் கிடைக்காது.

8. பேச்சில் கலந்துகொள்ள

அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை பேசுவது எல்லாம் இந்த ஏணியில் யார் ஏறுகிறார், இறங்குகிறார் என்பதுதான்.

டிராஃப்ட்: ஒவ்வொரு கோடையிலும் என்.ஹெச்.எல். அணிகள் ஏழு சுற்றுகளில் 224 பேரைத் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலோருக்கு 18 வயது. எடுத்துவிட்டார்கள் என்றால் அக்டோபரில் ஆடுவான் என்று அர்த்தமில்லை, பலர் ஜூனியருக்கே திரும்பி வருவார்கள்.

அவனை ஏன் மார்லீஸுக்கு அனுப்பவில்லை என்று நானும் கேட்டிருக்கிறேன். சி.ஹெச்.எல்.லிலிருந்து எடுக்கப்பட்ட 18 வயதுப் பையன் ஒன்று என்.ஹெச்.எல்.லில் ஆட வேண்டும், இல்லை தன் ஜூனியர் அணிக்குத் திரும்ப வேண்டும். இடையில் உள்ள ஏ.ஹெச்.எல். அவனுக்குப் பொதுவாக மூடிய கதவு. அந்த ஒப்பந்தம்தான் ஜூனியர் அரங்கங்களில் நமக்கு நல்ல ஆட்டம் கிடைப்பதற்குக் காரணம் என்பது என் எண்ணம். அக்டோபரில் "ஒன்பது ஆட்டம்" என்று பேசிக்கொள்வதும் இதையொட்டித்தான். பத்தாவது ஆட்டத்தில் இறக்கினால் அந்தப் பையனின் ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு ஓடத் தொடங்கிவிடும், அதனால் ஒன்பதோடு திருப்பி அனுப்புவதா என்று அணி யோசிக்கும்.

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி பற்றி யாராவது பழைய கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். முன்பெல்லாம் சி.ஹெச்.எல்.லில் ஆடியவன் என்.சி.ஏ.ஏ. கல்லூரி அணியில் சேர முடியாது. 2024 நவம்பரில் விதி மாறி 2025 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. டபிள்யூ.ஹெச்.எல்.லில் மெடிசின் ஹாட் அணியின் கேவின் மெக்கென்னா உடனே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிள்ளையை ஹாக்கியில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு இது முக்கியம், பழைய ஆலோசனைக் கட்டுரைகள் பலவும் தலைகீழாகிவிட்டன.

வீட்டில் பார்ப்பதானால் சனிக்கிழமை இரவு ஒளிபரப்பில் தொடங்குங்கள். பஞ்சாபியில் 2008லிருந்தே ஹாக்கி வர்ணனை வருகிறது. தமிழிலும் வாராவாரம் ஒன்று கேட்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

9. பஃபலோவுக்குப் போவதானால் முதலில் காகிதங்கள்

லீஃப்ஸ் விலையைப் பார்த்துச் சலித்தவர்கள், "பஃபலோவுக்குப் போ, பாதி விலை" என்பார்கள். உண்மைதான், அமெரிக்காவில் உள்ள அந்த ஊரிலும் ஒரு என்.ஹெச்.எல். அணி உண்டு, இரண்டு மணி நேர ஓட்டம். ஆனால் நாம் எல்லையைக் கடக்கிறோம் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது தோன்றாது. நான் டிக்கெட்டை வாங்கிய பிறகுதான் விசாரித்தேன். நான்கு டிக்கெட்டையும் நஷ்டத்துக்கு விற்றேன்.

நிரந்தரவாசி அட்டை இருந்தாலும் உங்கள் பாஸ்போர்ட் இந்தியாவோ இலங்கையோ என்றால் அமெரிக்கச் சுற்றுலா விசா கட்டாயம். குழந்தைகளுக்கும் தனித்தனியாக. நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், ஆகவே விசா கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட். எல்லையில் ஐ-94 என்ற நுழைவுப் பதிவும் தேவை, அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிட்டுப் போனால் வரிசை குறையும். பாஸ்போர்ட், விசா, நிரந்தரவாசி அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும், திரும்பி வரும்போது கனடா அதிகாரி அட்டையைக் கேட்பார். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களின் பிள்ளைகளை அழைத்துப் போனால் அவர்கள் பெற்றோர் இருவருடைய கடிதமும் வேண்டும். குடியுரிமை பெற்றவர்களுக்கு கனடிய பாஸ்போர்ட் போதும்.

பஃபலோவில் லீஃப்ஸ் ஆடும் நாளை எடுக்காதீர்கள். டொராண்டோக்காரர்கள் பாதி அரங்கத்தை நிரப்புவதால் அன்று மட்டும் விலை ஏறிவிடும். மற்ற எதிரணிகளோடு நடப்பதைப் பாருங்கள்.

விசா இல்லாதவர்களுக்கு ஒட்டாவா இருக்கிறது, காரில் நாலரை மணி நேரம். அங்கேயும் ஒரு கண்ணி: செனட்டர்ஸின் அரங்கம் நகர மையத்தில் இல்லை, மேற்கே கனாட்டாவில். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் போட்டால் இரவில் திரும்பும் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. மார்ச் கடைசியில்

ஓ.ஹெச்.எல். ப்ளேஆஃப் அப்போது தொடங்கும். 16 அணிகள், ஏழில் நான்கு வென்றால் அடுத்த சுற்று. லீஃப்ஸ் ப்ளேஆஃப் டிக்கெட் ஒன்றின் விலைக்கு ஓஷவாவில் குடும்பமே ஒரு சுற்றின் பாதியைப் பார்க்கலாம். சுற்று முடிவான அன்றைக்கே விற்பனை திறக்கும், அணியின் மின்னஞ்சல் பட்டியலில் பிப்ரவரியிலேயே சேர்ந்துவிடுங்கள். ஐந்து, ஆறு, ஏழாம் ஆட்டங்கள் நடந்தால்தான் உண்டு. நடக்காவிட்டால் காசு எப்படித் திரும்பி வரும், கணக்கிலா கார்டுக்கா என்று வாங்கும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு அழுத்துங்கள். ஏழாம் ஆட்டம் வந்தால் விடாதீர்கள், மறுநாள் பள்ளி இருந்தாலும் பரவாயில்லை.